காரும் அருகில் நிற்பவரும்

தமிழகத்தை விட்டுத் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வேலை தேடி வந்து அங்கேயே தங்கிவிட்ட நம்மவர் வீடுகளில், பழைய புகைப்பட ஆல்பத்தைப் புரட்டினால் ஒரு வகைப் படம் பெரும்பாலும் கண்ணில் படும். ஒருவர் ஒரு காரின் அருகே நிற்பார். அவருடைய கை மட்கார்டின்மேல் ஊன்றியிருக்கும். சட்டையில் சலவை மடிப்புக் கலைந்திராது. அந்தப் படத்தின் ஒரு பிரதி ஊருக்குத் தபாலில் போய், கூடத்துச் சுவரில் சுவாமி படங்களுக்கு அடுத்த வரிசையில் இடம் பெற்றிருக்கும். கார் அவருடையதா, அவர் வேலை பார்த்த கம்பெனியினுடையதா, தெருவில் நின்ற வேறு யாருடையதோ என்று ஊரில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இத்தகைய படங்களைச் சற்று உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவற்றில் பலவற்றில் கார் நன்றாக விழுந்திருக்கும். மனிதர் நன்றாக விழுந்திருக்கமாட்டார். காரின் விளக்கு வளையம் மின்னும். மனிதரின் முகம் கறுத்துக் கண் எது, மூக்கு எது என்று தெரியாமல் இருக்கும். காரும் மனிதனும் காமிராவின் முன் ஒருங்கே நின்றால், கார் தனக்கு வேண்டியதைத் தானே பெற்றுக்கொள்கிறது. அது பெரியது, பளபளப்பானது. கண் கொட்டாது, கூச்சப்படாது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தவிக்காது. மனிதனுக்கோ இத்தனை தொல்லையும் உண்டு. ஆகையால் படம் எடுப்பவர் மனிதன் பக்கம் சேர்ந்துகொண்டால்தான் படம் ஒழுங்காக வரும். காரோடு ஆளை நிறுத்திப் படம் எடுக்கும் கலையைப் பற்றி நாம் இன்று பேசப்போவதெல்லாம் இந்த ஒரு கருத்தைச் சுற்றியதே ஆகும்.

முதலில் ஒளியை எடுத்துக்கொள்வோம். காரைப் படம் பிடிப்பது என்பது, உள்ளபடி சொன்னால், கண்ணாடியைப் படம் பிடிப்பதே. மெருகேறிய தகட்டின்மேல் நாம் காண்பது அதன் நிறத்தை மட்டும் அன்று; எதிரே உள்ள வீடு, மின்கம்பம், காயப்போட்ட துணி, படம் எடுப்பவரின் தொப்பை எல்லாம் அதில் தெரியும். கண் அவற்றைத் தள்ளிவிட்டுக் காரை மட்டும் பார்க்கப் பழகியிருக்கிறது. காமிராவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. எனவே காரின் மேல் எது பிரதிபலிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் கார்ப் படம் எடுப்போரின் முதல் வேலை. விளம்பரப் படம் எடுக்கும் நிலையங்களில் காரின் தலைக்குமேல் காரைவிடப் பெரிய வெண்துணிப் பந்தலை விரித்து, அதன்மேல் விளக்கொளியைப் பாய்ச்சுகிறார்கள். அந்த வெண்மை தகட்டின்மேல் நீண்ட ஒரே வரியாக ஓடி, காரின் வளைவுகளை எடுத்துக்காட்டுகிறது.

அதே பந்தலின்கீழ் ஓர் ஆளை நிறுத்தினால் என்ன ஆகும்? ஒளி உச்சியிலிருந்து விழுவதால் நெற்றியும் மூக்கும் வெளுத்து, கண்குழிகள் இருண்டுபோகும். தகடு கேட்பது பரந்த மேலொளி. முகம் கேட்பது பக்கத்திலிருந்து வரும் மெல்லொளி. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. இந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள் முகத்துக்கெனத் தனியே ஒரு விளக்கோ வெண்பலகையோ வைக்கிறார்கள். நமக்கு அத்தனை சாதனங்கள் வேண்டியதில்லை. வெளுத்த நாலு முழ வேட்டி ஒன்று போதும். நிற்பவருக்கு ஒரு பக்கமாக இருவர் அதை விரித்துப் பிடித்தால், முகத்தின் நிழல் பாதியாகக் குறையும். ஆனால் அந்த வேட்டி கார்க் கதவில் தெரியாத கோணத்தில் பிடிக்கவேண்டும். இல்லாவிட்டால் கதவின் நடுவே வெள்ளைத் திட்டு ஒன்று விழுந்து, பார்ப்பவர் அனைவரும் அதையே பார்ப்பார்கள்.

செலவில்லாத பந்தல் ஒன்றும் இருக்கிறது. அது வானம். சூரியன் மறைந்த பிறகு கால்மணி, இருபது நிமிட நேரம் மேற்கு வானம் முழுவதும் ஒரே விளக்காகிவிடும். கூரிய நிழல்கள் மறைந்துவிடும். காரின் பக்கவாட்டில் வானத்தின் ஒளி வரியாக ஓடும். மேற்கு நோக்கி நிற்பவரின் முகத்திலும் அதே ஒளி மென்மையாக விழும். காரும் மனிதனும் ஒரே விளக்கில் திருப்தி அடையும் நேரம் பகலில் இது ஒன்றே எனலாம். வடக்கே வாழும் நம்மவர்க்கு இதில் ஒரு சிறு லாபமும் உண்டு. பூமத்திய ரேகையிலிருந்து விலகிப் போகப்போக அந்திப்பொழுது நீளும். ஆகவே சென்னையைவிடத் தில்லியில் நமக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. மும்பையில் இருப்பவர்களுக்கு ஆனி, ஆடி மாதங்களில் மேகமே பந்தலாகும். நனைந்த தார்ச்சாலை காரின் விளக்கைக் கீழேயும் காட்டும். நண்பகலில் எடுக்கத்தான் வேண்டுமென்றால் கட்டடத்து நிழலுக்குள் காரைக் கொண்டுபோய் நிறுத்துவது நல்லது. மே மாதத் தில்லி வெயிலில் நின்ற காரின் பானெட்டில் கைவைக்கச் சொல்வது படக்கலை அன்று, தண்டனை.

அடுத்தது, முகம் கறுத்துப்போவதன் காரணம். இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். காமிராவில் உள்ள ஒளியளவி, தன் எதிரே உள்ள காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டது என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளை அம்பாஸடர் ஒன்று படத்தின் பெரும்பகுதியை அடைத்து நின்றால், அளவி மருண்டு, வெளிச்சம் மிகுதி என்று ஒளியைக் குறைக்கிறது. கார் சாம்பலாகிறது, அருகே நிற்கும் மாநிறத்தவர் கறுப்பாகிறார், கறுத்த நிறத்தவரின் முகமோ அறவே மறைகிறது. காரின் நிறம் கறுப்பானால் இதற்கு நேர்மாறு நிகழும், முகம் வெளிறும். குற்றம் நிற்பவரின் நிறத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. கணக்கைத் திருத்துவதும் எளிது. முகத்தின் அருகே சென்று அங்கே ஒளியை அளந்து, அந்த அளவையே வைத்துக்கொண்டு பின்வாங்கி எடுக்கவேண்டும். கைபேசியில் எடுப்பவர்கள் திரையில் முகம் உள்ள இடத்தை விரலால் தொட்டால், பெரும்பாலான கருவிகள் முகத்துக்கு ஏற்ப ஒளியைத் திருத்திக்கொள்கின்றன. கார் சற்று வெளுத்துத் தெரிந்தால் தெரியட்டும்.

வண்ணப் படங்களில் இந்தத் தொல்லைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தது. கோடாக் கம்பெனி 1950-களிலிருந்து, வண்ணங்களைச் சரிபார்ப்பதற்கென்று படம் கழுவும் நிலையங்களுக்கு ஓர் அட்டையை அனுப்பிவந்தது. அதில் வெள்ளை நிறப் பெண் ஒருத்தியின் படம் இருந்தது. ஷர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியான நிறத்தில் வந்தால் மற்ற எல்லாமும் சரி என்று கொண்டார்கள். பல நிறத்தவரும் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. மரச்சாமான் செய்வோரும் சாக்லெட் செய்வோரும் தங்கள் பண்டங்களின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக விழவில்லை என்று முறையிட்டதும், படச்சுருளின் சேர்க்கை மாறியதற்கு ஒரு காரணம் என்று சொல்கிறார்கள். மனிதர் முகத்துக்காக மாறாதது நாற்காலிக்காக மாறியது போலும்! எது எப்படியாயினும், அந்த நாளைய வண்ணப் படத்தில் தம் தந்தையாரின் முகம் தெரியவில்லையே என்று வருந்துவோர், காரணத்தில் ஒரு பங்கு கடல் கடந்து வந்தது என்பதை அறிந்துகொள்ளலாம்.

இனி, தூரமும் அளவும். கைபேசியின் வழக்கமான லென்ஸ் அகன்ற பார்வை கொண்டது. நான்கு மீட்டர் நீளமுள்ள காரையும் ஆளையும் அடக்குவதற்கு அதைக் கொண்டு நான்கு, நாலரை மீட்டர் தூரத்திலேயே நின்றுவிடலாம். நின்றுவிடுவதுதான் தவறு. அவ்வளவு அருகில் நின்று காரை மூலைப்பார்வையாக எடுத்தால், நமக்கு அண்மையில் உள்ள முன்விளக்கு, தொலைவில் உள்ள பின்பகுதியைப்போல் இரு மடங்காகத் தோன்றும். கார் வீங்கிய மூக்கோடு நிற்கும். ஆள் பின்னே நின்றால் குள்ளமாவார். முன்னே வந்தால் பூதமாவார். இரு மடங்கு பெரிதாக்கும் லென்ஸுக்கு மாற்றிக்கொண்டு எட்டு ஒன்பது மீட்டர் பின்னுக்குப் போனால், இருவரின் அளவும் ஓரளவு உண்மைக்கு நெருங்கிவரும். காமிராவை நிற்பவரின் இடுப்பளவு உயரத்தில் பிடிப்பது இருவருக்கும் பொருந்தும். கண் உயரத்திலிருந்து பார்த்தால் காரின் கூரை விரிந்து தெரியும். தரையிலிருந்து பார்த்தால் கார் வாயைத் திறந்துகொண்டு பாய வருவதுபோல் இருக்கும்.

ஆளை எங்கே நிறுத்துவது என்பதற்கும் காரின் அளவு தெரியவேண்டும். அம்பாஸடரின் உயரம் ஏறக்குறைய 1.6 மீட்டர். நடுத்தர உயரமுள்ள ஒருவர் அதன் மறுபக்கம் நின்றால் தலை மாத்திரம் கூரைக்குமேல் தெரியும்; தட்டில் வைத்த தேங்காய்போல் இருக்கும். மாருதி 800-இன் உயரம் 1.4 மீட்டர், அதன் பின்னே நிற்பவருக்குக் கழுத்தும் தோளும் கிடைக்கின்றன. எந்தக் காராயினும் கூரைக்கோடு கழுத்தை அறுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். காரின் முன்சக்கரங்களைச் சற்றுத் திருப்பிவைத்து, டயரின் அடிப்பக்கம் தெரியாமல் சக்கரத்தின் முகம் நம்மை நோக்குமாறு செய்வதும் வழக்கம். இவை சிறு விஷயங்கள்.

பெரிய விஷயம் வேறு. படத்தில் அந்த ஆள் என்ன செய்கிறார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத படங்களே உலகில் அதிகம்.

1928-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில் எடுத்த விளம்பரப் படம் ஒன்று கட்டடக்கலைப் புத்தகங்களில் அடிக்கடி காணக் கிடைக்கிறது. மெர்ஸிடிஸ் பென்ஸ் திறந்த கார் ஒன்று. அதை ஒட்டி நாகரிக உடையும் தொப்பியும் அணிந்த பெண் ஒருத்தி. பின்னே லெ கொர்புசியே, பியேர் ழான்னரே இருவரும் வகுத்த வெள்ளை வீடு. முந்தைய ஆண்டில்தான் அந்தக் குடியிருப்பைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டினார்கள். புதிய கார், புதிய பெண், புதிய வீடு என்று மூன்றையும் ஒன்றாகக் காட்டி, இதுவே வருங்காலம் என்று சொல்வது படத்தின் நோக்கம். இன்று அதைப் பார்த்தால் கார் அரும்பொருட்காட்சிக்குரியதாகத் தோன்றுகிறது. தொப்பியும் அப்படியே. வீடு மட்டும் நேற்றுக் கட்டியதுபோல் நிற்கிறது. 2016-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிலும் சேர்ந்தது. ஆயினும் அந்தப் படம் இன்றும் உயிரோடிருப்பதற்கு அந்தப் பெண் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். அவள் காரின் அணிகலனாக நிற்கவில்லை. ஏறி ஓட்டிக்கொண்டு போகப் போகிறவள்போல் நிற்கிறாள்.

பிறகு வந்த விளம்பரங்களில் எல்லாரும் அந்த வழியில் போகவில்லை. அமெரிக்காவில் 1959 முதல் 1971 வரை பான்டியாக் கார்களுக்கு ஃபிட்ஸ்பாட்ரிக், காஃப்மன் என்னும் இரு ஓவியர்கள் படம் தீட்டினார்கள். ஒருவர் காரை வரைவார். மற்றவர் மனிதர்களையும் சூழலையும் வரைவார். கார் உண்மையில் இருப்பதைவிட அகன்று படுத்திருக்கும். மனிதர்கள் அதற்கேற்பப் பின்னே ஒதுங்கிக் களித்திருப்பார்கள். அதே 1959-இல் வோல்க்ஸ்வாகன் கம்பெனிக்காக நியூயார்க்கில் தயாரித்த விளம்பரங்கள் வேறொரு துணிவைக் காட்டின. வெற்று வெள்ளைப் பரப்பில் சின்னஞ்சிறு கார், கறுப்பு வெள்ளைப் புகைப்படமாக, ஆளே இல்லை. செய்வதற்கு வேலை இல்லாத ஆளை நிறுத்துவதைவிட நிறுத்தாமல் விடுவது மேல் என்று அந்த விளம்பரக்காரர்கள் அறிந்திருந்தார்கள்.

நம் நாட்டில் கார்க் கண்காட்சி 1986-இல் தில்லிப் பிரகதி மைதானத்தில் தொடங்கி, 2014-இல் கிரேட்டர் நொய்டாவுக்குப் போயிற்று. இத்தகைய கண்காட்சிகளில் சுழல்மேடைமேல் கார் சுற்ற, அதனருகே பெண்கள் மணிக்கணக்காக நின்று புன்னகை புரியும் வழக்கம் உலகெங்கும் நெடுநாள் இருந்துவந்தது. காமிராக்காரர் கூட்டம் அவர்களை மொய்க்கும். மறுநாள் வரும் படத்தில் காரும் சரியாகத் தெரியாது. அந்தப் பெண் யார் என்பதும் தெரியாது. ஷாங்காய்க் கண்காட்சியில் 2015-இல் இவ்வழக்கத்தை விலக்கினார்கள். பார்முலா ஒன் பந்தயங்களில் காரின் முன் பெண்களை நிறுத்தும் முறை 2018-இல் நின்றது. அப்போது, அந்த வேலையால் பிழைத்த பெண்கள் சிலர், எங்கள் பிழைப்பைப் பறிக்க நீங்கள் யார் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. நிற்பவர்மீது நமக்குக் குறை ஒன்றும் இல்லை. பூச்சாடி வைக்கும் இடத்தில் ஒரு மனிதப் பிறவியை வைத்தார்களே, அதுவே குறை. அந்தப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்து, பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால் அவருக்கும் கூலி கிடைத்திருக்கும். படமும் படமாக இருந்திருக்கும்.

நம் வீட்டுப் படங்களுக்கும் இதுவே வழி. நிற்பவருக்கு ஒரு வேலை கொடுக்கவேண்டும். டிக்கியில் பெட்டி ஏற்றலாம். பழைய செய்தித்தாளால் முன்கண்ணாடியைத் துடைக்கலாம். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வீட்டிலிருந்து இன்னும் வெளிவராத ஒருவரைப் பார்த்து நிற்கலாம். வேலை கிடைத்த கைக்கு எங்கே இருப்பது என்ற சந்தேகம் எழுவதில்லை. புடவை கட்டியவர் காரில் ஏறும்போது முதலில் இருக்கையில் அமர்ந்து, கொசுவத்தை ஒரு கையால் ஒதுக்கி, பிறகு கால்களை உள்ளே இழுத்துக்கொள்வார். அந்த இரண்டு அசைவுகளுக்கும் நடுவே ஒரு கணம் அவர் தலை நிமிர்ந்து வெளியே பார்ப்பது வழக்கம். அந்தக் கணத்தில் எடுத்த படத்துக்கு ஈடாகப் பத்துப் படம் நிற்கவைத்து எடுத்தாலும் வராது. ஓட்டுநர் இருக்கையில் இருப்பவரை எடுப்பதானால், நம் நாட்டில் அவர் வலப்பக்கம் இருப்பதால், வலப்பக்கக் கண்ணாடியை இறக்கச் சொல்லி அங்கிருந்து எடுக்கலாம். முன்கண்ணாடி வழியே எடுத்தால் வானம் அதில் விழுந்து முகத்தை மறைக்கும். போலரைசர் என்னும் வடிகட்டிக் கண்ணாடியை லென்ஸின்முன் பொருத்தித் திருப்பினால் அந்தப் பளபளப்புப் பெரும்பாலும் அடங்கும். குரோமியப் பூச்சின் பளபளப்புக்கு மட்டும் அது பயன்படாது.

பானெட்டின்மேல் ஏறி உட்கார்ந்து எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சினிமாவில் நன்றாக இருக்கிறது. இன்றைய கார்களின் தகடு மெல்லியது, நசுங்கும். கால்சட்டைப் பித்தான் கீறும். பிறர் காரானால் கேட்கவே வேண்டியதில்லை.

பிறர் கார் என்றவுடன் டாக்ஸிகள் நினைவுக்கு வருகின்றன. மும்பையின் கறுப்பு மஞ்சள் பிரீமியர் பத்மினிகளில் கடைசியாகப் பதிவானது 2003 அக்டோபர் 29-ஆம் நாள். டாக்ஸிகளுக்கு அங்கே வயது வரம்பு 20 ஆண்டு ஆகையால், 2023 அக்டோபருடன் அவை தெருவிலிருந்து விடைபெற்றன. கொல்கத்தாவின் மஞ்சள் அம்பாஸடர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றன. உத்தர்பாராவில் அந்தக் காரைச் செய்வதே 2014-இல் நின்றுபோயிற்று. பத்மினி விடைபெற்ற நாள்களில் பத்திரிகைகளில் எத்தனையோ படங்கள் வந்தன. அவற்றுள் வெறும் காரைக் காட்டிய படங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஓட்டுநரும் சேர்ந்திருக்கும் படங்களில்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேற்றுமை உண்டு. ஒருவர் கூரைமேல் முழங்கையை ஊன்றி, பழகிய மாட்டின் அருகே நிற்பவர்போல் நிற்பார். இன்னொருவர் கதவைச் சாத்தியபடியே கைப்பிடியை ஒரு முறை அழுத்திப் பார்ப்பார். அது சரியாகச் சாத்தாது என்பது அவருக்குத்தான் தெரியும். விளம்பரத்துக்காகக் கூலி கொடுத்து அமர்த்தும் எந்த மாடலும் இதை நடித்துக்காட்ட முடியாது. கொல்கத்தாவில் இருக்கும் நம் நேயர்களுக்கு இன்னும் வாய்ப்பிருக்கிறது. ஓட்டுநரிடம் அவர் பேசும் மொழியில் அனுமதி கேட்டு, அவருக்கு நேரமாகும் என்றால் அதற்குரியதைக் கொடுத்து, படத்தின் பிரதி ஒன்றையும் அனுப்பிவைக்கவேண்டும். படம் விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ போவதானால் எழுத்தில் சம்மதம் வாங்குவது அவசியம்.

இரவல் காரின் அருகே நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பியது பொய்யாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். திருவிழாக்களில் படம் எடுக்கும் கொட்டகைகளில் அட்டையாலும் மரத்தாலும் செய்த காரில் உட்காரவைத்து எடுப்பார்கள். அதைப் பார்த்து யாரும் ஏமாந்ததில்லை. பிள்ளை நல்ல ஊரில், நல்ல தெருவில், கார்கள் நிற்கும் இடத்தில் இருக்கிறான் என்று ஊரில் இருப்போர் அறிந்துகொண்டார்கள். அதில் பொய் ஏதும் இல்லை. உறுத்துவது இன்னொன்று. கம்பெனிக் காரின் அருகே அதிகாரியோ குமாஸ்தாவோ நின்ற அந்தப் பழைய படங்கள் பலவற்றில், காலையில் அந்தக் காரைக் கழுவித் துடைத்து அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியவர் இருக்கமாட்டார். படம் எடுக்கும்போது அவரைத் தள்ளி நிற்கச் சொல்லியிருப்பார்கள். சில படங்களின் ஓரத்தில், கதவின் மெருகிலே, காக்கிச் சட்டை ஒன்று மங்கலாகத் தெரிவதுண்டு. அந்த வேலையிலும் நம்மவர் பலர் இருந்தார்கள். ஊருக்குப் போன படங்களில் அவர்கள் எடுத்துக்கொண்டவை எத்தனை, ஓரத்தில் மங்கலாக நின்றவை எத்தனை என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

இன்று நிலைமை வேறு. வீட்டுக்கு வீடு கார் என்னாவிட்டாலும், பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர் சொந்தக் கார் வாங்கிவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலையில் 1998-இல் சாண்ட்ரோ வெளிவரத் தொடங்கிய பிறகு, தமிழ்நாட்டில் செய்த காரைத் தில்லியில் வாங்கித் தில்லி எண்பலகை மாட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. (அதற்கு வெகுமுன்பே, 1961 முதல், சென்னையை அடுத்துச் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஓட்டியவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.) புதுக் கார் வந்தவுடன் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய், பானெட்டில் சந்தன குங்குமம் இட்டு, மாலை போட்டு, சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். பிறகு குடும்பம் முழுவதும் காரின்முன் வரிசையாக நின்று ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் படத்தில் கார் பின்னே மறைந்துவிடுகிறது. மனிதர்களோ வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மனிதர் பக்கம் சேரவேண்டும் என்று நாம் சொன்னதற்கு இது பொருள் அன்று.

அந்த வரிசைப் படத்தை எடுக்கவேண்டாம் என்று சொல்லமாட்டோம், பெரியவர்கள் விடமாட்டார்கள். அதை எடுத்து முடித்தபின் காமிராவை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருக்கலாம். பாட்டி முன்னிருக்கையில் முதன்முறையாக ஏறி, பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தேடுவார். பேரன் குனிந்து மாட்டிவிடுவான். கதவு திறந்திருப்பதால் உள்ளே ஒளி இருக்கும். முகத்துக்கு ஒளியை அளந்துகொண்டு, எட்டு அடி தள்ளி நின்று எடுக்கலாம். ஊருக்கு அனுப்பும் பிரதியைக் கைபேசியில் மட்டும் அனுப்பாமல், ஒன்றையேனும் அச்சிட்டு, பின்புறத்தில் பென்சிலால், படத்தில் இருப்பவர் அனைவர் பெயரும், கோயிலின் பெயரும், ஊரும், தேதியும், காரின் பெயரும் எழுதித் தபாலில் சேர்த்துவிடலாம். மை முன்பக்கம் ஊறும், பென்சிலே நல்லது.